மட்டக்கம்பும் இலித்தியமும்

2025 ஜூன் 16, திங்கள், ஹட்டன்

விடியற்காலையிலிருந்தே மழை. உயர்தர வகுப்புக்கு மின்பகுப்பு. அகலக் கண்ணாடித் தட்டில் நாகசல்பேற்று (துத்தநாக உப்பு) கரைசலை ஊற்றி, ஓரத்தைச் சுற்றி நாகக் கம்பியை வளைத்துவிட்டேன். நடுவில் இன்னொரு கம்பியின் முனை. 9 வோல்ற்று கொடுத்ததும் அந்த முனையிலிருந்து சாம்பல் நிறத்தில் பன்னம்போல் கிளை விட ஆரம்பித்தது. பிள்ளைகள் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். ஒரு கிளை ஓரக் கம்பியைத் தொட்டதுதான் தாமதம், அம்பியர்மானியின் முள் துள்ளியது.

இலித்திய உலோகப் பற்றரிக்குள்ளும் இப்படித்தான் கிளைக்கும். அங்கே குறுக்கே நிற்பது தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் தாள். சுற்றிலும் தீப்பற்றக்கூடிய திரவம்.

ஜூன் 17

“அப்போ அந்த உலோகமே வேண்டாமே, சேர்?” என்றாள் ஒரு மாணவி. சரியான கேள்வி. 1991இல் கடைக்கு வந்த இலித்திய அயன் பற்றரி அந்த வழியில்தான் போனது. இலித்தியத்தைக் கரிக்குள், பின்னர் பென்சில் கரியான காரீயத்தின் படைகளுக்குள், ஒதுக்கி வைத்தார்கள். ஆனால் காரீயம் கிராமுக்கு 372 மில்லியம்பியர் மணி மின்னேற்றம்தான் தாங்கும், இலித்திய உலோகமோ 3860. விட மனம் வருமா?

ஜூன் 19

இன்று 1.5 வோல்ற்று. படிவு மெதுவாக, நெருக்கமாக வந்தது. அடுத்த தட்டில் கொஞ்சம் ஜெலற்றின் கலந்தோம், கிளைகள் இன்னும் குட்டை.

அதே பிள்ளை சொன்னாள்: “அம்மா மட்டக்கம்பு வச்சுக் கொழுந்தெடுக்கிற மாதிரி.” அவளுடைய அம்மா மலையில் கொழுந்து பறிப்பவர்; தேயிலைச் செடிகளின் மேல் மட்டமாக வைத்து, அதற்கு மேலே நீட்டிய கொழுந்தை மட்டும் கிள்ள உதவும் கம்புதான் மட்டக்கம்பு. இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. மேலே நீட்டிய முனையில்தான் மின்புலம் கூடும், அயன்களும் (மின்னேறிய அணுக்கள்) அங்கேயே ஓடும், அது இன்னும் நீளும். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பற்றரித் திரவமான மின்பகுபொருளில் சிறிதளவு சீசியம் அயன் சேர்த்தார்கள். அது படியாமல் முனையைச் சூழ்ந்து நிற்கும், வரும் இலித்தியத்தைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடும். மட்டக்கம்பேதான்!

ஜூன் 22, ஞாயிறு

திரவத்துக்குப் பதில் கடினமான பீங்கான் வைத்தால் கிளை முட்டி நின்றுவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். ஆனால் இலித்தியம் பீங்கானின் வெடிப்பிலும் அதன் நுண்மணிகள் ஒட்டும் எல்லையிலும் நுழைந்துவிடுகிறது, லயத்து வாசல் சீமெந்தில் புல் முளைக்கிற மாதிரி. தடுப்பதை விட, முதல் படையைச் சமமாகப் படிய வைப்பதில்தான் என் நம்பிக்கை.

நாளைக்குத் தானே செய்து பார்க்க அவள் ஒரு தட்டுக் கேட்டிருக்கிறாள். கம்பிகளை மண்தாளால் வழவழவென்று தேய்த்து வைத்தேன். கீறல் இருந்தால் கிளை அங்கேதான் தொடங்கும்.