ஆள் போதவில்லை என்று சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும்

போதுமான பணியாளர்களை வைத்திருப்பதைக் கடமையாக்கும் ஸ்காட்லாந்தின் மருத்துவ, பராமரிப்புப் பணியாளர் சட்டம் 2019இல் நிறைவேறியது. கொரோனாவால் தள்ளிப்போய், 2024 ஏப்ரல் 1 அன்றுதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இதைக் கையில் எடுக்கும் செவிலியர்கள் முதலில் தேடுவது, இத்தனை நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்ற கணக்கைத்தான். அப்படியொரு கணக்கு இதில் இல்லை. கலிபோர்னியாவில் 2004 முதல் விகிதமே சட்டமாக இருக்கிறது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியரிடம் இரண்டு நோயாளிகளுக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது. அந்தத் தெளிவு இல்லையே என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், இந்தச் சட்டத்தின் உயிர் வேறோர் இடத்தில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

இரவு ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் ஒருவர் உடல்நிலை சரியில்லை என்று தகவல் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படுக்கைப்புண் வராமலிருக்க ஒரு நோயாளியை இரண்டு பேர் சேர்ந்து புரட்டிப் படுக்கவைக்கும்போது, எதிர்க் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகத் தானே எழுந்து தடுமாறும் முதியவரைத் தாங்கிப் பிடிக்க வார்டில் வேறு ஆள் இருக்காது. பணிப்பட்டியலில் தெரியாத இந்த ஆபத்து, அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். அவர் அதைச் சொன்னால், இந்தச் சட்டப்படி பொறுப்பாளர் தம்மால் முடிந்ததைச் செய்ய வேண்டும். முடியாவிட்டால் மேலிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மேலே முடிவெடுப்பவர் தேவையான மருத்துவ ஆலோசனையைப் பெற்று, எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த முடிவு ஏற்புடையதாக இல்லையென்றால், தம் மறுப்பைப் பதிவு செய்யவும் அவர்களுக்கு வழி உண்டு. இது செவிலியர்களுக்கு மட்டுமல்ல, மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகள் உள்ளிட்ட அனைத்து மருத்துவப் பணியாளர்களுக்கும் பொருந்தும். 'சமாளித்துக்கொள்ளுங்கள்' என்ற ஒற்றைச் சொல்லோடு தொலைபேசியை வைத்துவிட முடியாது என்பதையே நான் பெரிய மாற்றமாகப் பார்க்கிறேன்.

வார்டுப் பொறுப்பாளர்களுக்கு மேற்பார்வைப் பணிக்கென்று போதிய நேரம் ஒதுக்க வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் உள்ள கடமை. அவரே நாள் முழுவதும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால், மற்றவர் சொல்லும் ஆபத்தைக் காதில் வாங்க யார் மிஞ்சுவார்கள்?

எனக்குள்ள மனக்குறை முதியோர் பராமரிப்பு இல்லங்களைப் பற்றியது. போதுமான, பயிற்சி பெற்ற பணியாளர்களை வைத்திருக்கும் கடமை அவற்றுக்கும் உண்டு. ஆனால் அந்தந்த நேரத்து நிலையை மதிப்பிட்டு ஆபத்தைப் படிப்படியாக மேலே கொண்டுபோகும் விரிவான நடைமுறை, பொது மருத்துவச் சேவையை நடத்தும் அமைப்புகளுக்கு மட்டுமே விதிக்கப்பட்டிருக்கிறது. மறதிநோயால் தம் தேவையைச் சொல்ல இயலாதவர்களை இரவெல்லாம் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளருக்கும் அதே வழியை இந்தச் சட்டம் திறந்துவிட்டிருக்க வேண்டும்.