நெடுந்தீவில் ஒரு மத்தியானம்

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையில் படகேறினால் நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குள் பக்கத்தில் இருந்த ஆச்சி எல்லாம் விசாரித்துவிட்டார்: ஆரின்ரை பிள்ளை, எந்தப் பக்கம், ஏன் இவ்வளவு மெலிவு? மாவிலித்துறையில் இறங்கும்போது, "மத்தியானம் எங்கட வீட்டை வா மோனை" என்று உத்தரவு.

சரி, ஒரு தேத்தண்ணியோடு கிளம்பிவிடலாம் என்றுதான் போனேன். நடக்கிற காரியமா? முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதிலைத் தாண்டும்போதே ஒடியல் கூழ் வாசம்; ஒடியல் என்றால் காயவைத்த பனங்கிழங்கு. நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, செத்தல் மிளகாய் தூக்கலாக. பனையோலைப் பிளாவில் ஊற்ற ஊற்றக் குடித்தேன் (கோப்பையில் குடித்தால் அது கூழே இல்லை). "போதும் ஆச்சி" என்றால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

நல்ல தண்ணீருக்கே தட்டுப்பாடான தீவு. நிறையக் கிணறுகள் உவர். அப்படியிருந்தும் எனக்குக் கைகழுவ வாளி நிறைய நன்னீர் வைத்திருந்தார்கள். கூழைவிட அதுதான் என்னை என்னவோ செய்தது.

படகுக்கு ஓடும்போது பையில் பனங்கட்டியும் பினாட்டும் (வெயிலில் காயவைத்த பனம்பழக் களி) திணித்தாயிற்று. அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புளுக்கொடியல் வேண்டுமென்றால் கிழங்குக் காலத்தில் வரவேண்டுமாம். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.