அம்மாவின் பெயரில் நான்கு சிம்

"உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் ஒரு சிம் வாங்கியிருக்கிறார்கள். அதை வைத்துக் குற்றம் நடந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும். அதிகாரியிடம் பேச ஒன்பதை அழுத்துங்கள்." தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி அம்மாவுக்கு வந்த பதிவுக்குரல் இது. எண்ணைத் துண்டிக்கப் போவதாக நாங்கள் யாரையும் அழைப்பதில்லை என்று டிராய் பலமுறை அறிவித்திருக்கிறது. போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பிலேயே 'கைது' செய்திருப்பதாக மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடிகள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. 2024 அக்டோபரில் பிரதமர் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில், சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று சொன்னதை அம்மா செய்தியில் பார்த்திருந்தார். அதனால் எதையும் அழுத்தாமல் போனை வைத்துவிட்டார்.

ஆனால் பயம் மட்டும் போகவில்லை. "அவன் ஏமாத்துறவன்தான்டா, சரி. ஆனா நெஜமாவே என் பேர்ல எவனாவது சிம் வாங்கியிருந்தா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அம்மா ஓய்வூதியம் வாங்குபவர். ஆதார் ஜெராக்ஸை வங்கி, கேஸ் ஏஜென்சி, ரேஷன் கடை என்று எத்தனை இடத்தில் கொடுத்திருப்பார் என்று அவருக்கே நினைவில்லை.

இதைப் பார்ப்பதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளம் இருக்கிறது. 2023 மே மாதம் தொடங்கப்பட்டது. 2025 ஜனவரியில் செயலியாகவும் வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் புதிய போன்கள் எல்லாவற்றிலும் இந்தச் செயலி இருந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். அந்த விவாதத்தைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் செயலியை இறக்க வேண்டியதே இல்லை, இணையதளம் போதும். நாங்களும் அதில்தான் பார்த்தோம். முகவரி கவ் டாட் இன் (gov.in) என்று முடிகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

உங்கள் பெயரில் உள்ள இணைப்புகள் என்ற பகுதிக்குள் போய், மொபைல் எண்ணையும் படத்தில் தெரியும் எழுத்துகளையும் அடித்தால் ஓடிபி வரும். அதைப் போட்டதும் பட்டியல் வந்துவிடும். ஆதார் எண் கேட்கவில்லை, கட்டணமும் இல்லை.

அம்மாவின் பட்டியலில் நான்கு எண்கள் இருந்தன. அவர் கையில் இருப்பது ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். எண்கள் முழுதாகத் தெரியாது, நடுவில் உள்ள இலக்கங்களை மறைத்துத்தான் காட்டுவார்கள். பக்கத்திலேயே மூன்று தெரிவுகள் இருக்கும்: இது என் எண் இல்லை, இது எனக்குத் தேவையில்லை, தேவை. பதற்றத்தில் தெரியாத எண் எல்லாவற்றுக்கும் 'என் எண் இல்லை' என்று போடத்தான் கை போகும். அம்மாவும் அதைத்தான் செய்யச் சொன்னார். நான் ஒரு தாளில் நான்கையும் எழுதி, இருவர் போனிலும் இருந்த தொடர்புகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். முதல் இலக்கங்களும் கடைசி இலக்கங்களும் பொருந்தியது ஒன்று: தம்பியின் எண். அவன் கல்லூரியில் சேர்ந்தபோது அம்மாவின் அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கியது. இன்றைக்கு அவனுடைய சம்பளக் கணக்கும் ஜிபேயும் அந்த எண்ணில்தான் ஓடுகின்றன. அதைப் போய் 'என் எண் இல்லை' என்று புகார் செய்திருந்தால் அவன் இணைப்புதான் போயிருக்கும்.

இன்னொன்று, கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டாங்கிளின் சிம். டாங்கிள் அலமாரியில் கிடந்தது, சிம்மைக் கழற்றிப் பார்த்ததில் உறுதியானது. அதற்கு 'தேவையில்லை' என்று போட்டோம். நாமே வாங்கியதை இனி வேண்டாம் என்று சொல்வது வேறு, நாம் வாங்கவே இல்லை என்று சொல்வது வேறு. இரண்டாவது, மோசடி நடந்திருப்பதாகச் சொல்லும் புகார். அதை உண்மையான இடத்தில் மட்டும்தான் பயன்படுத்த வேண்டும்.

நான்காவது எண் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தம்பியிடமும் சித்தியிடமும் கேட்டோம், வீட்டில் இருந்த பழைய சிம் அட்டைகளையும் தேடினோம். எதிலும் இல்லை. அப்போதுதான் அம்மாவுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. பேருந்து நிலையத்துக்கு வெளியே குடை போட்டு சிம் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றியபோது, "ரேகை சரியா விழலம்மா, இன்னொரு தடவ வைங்க" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டாராம். இப்படி இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம்மை உயிர்ப்பித்து வெளியே விற்கும் தந்திரம் பல ஊர்களில் பிடிபட்டிருக்கிறது. அந்த நபரைத் தேடிப் பிடிப்பது எங்கள் வேலை இல்லை என்று விட்டுவிட்டோம். ஆனால் எனக்கு வந்த கோபம் லேசானதல்ல. வயதானவர் ஒருவர் நம்பி விரலை நீட்டுகிறார், அந்த விரலை வைத்து வேறு எவனோ வாட்ஸ்அப் கணக்கு திறந்து ஊரை ஏமாற்றினால் போலீஸ் முதலில் வந்து நிற்பது அவர் வாசலில்தான்.

அந்த எண்ணுக்கு 'என் எண் இல்லை' என்று புகார் கொடுத்தோம். உடனே ஒரு குறிப்பு எண் வந்தது. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நிலவரம் பார்க்க அதுதான் வேண்டும். புகார் அந்தந்த நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் அந்த எண்ணை மறுசரிபார்ப்புக்கு உட்படுத்தி, வைத்திருப்பவர் தன்னை நிரூபிக்காவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். அதற்கிடையில் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் பேசினோம். கடைக்கு நேரில் வரச் சொன்னார்கள், கடையிலோ இணையதளத்திலேயே பாருங்கள் என்றார்கள். அந்த அலைச்சலால் ஒரு பயனும் இல்லை. இணையத்தில் கொடுத்த புகார்தான் வேலை செய்தது. கொஞ்ச நாள் நிலுவையில் என்றே காட்டிக்கொண்டிருந்தது, அப்புறம் பட்டியலில் இருந்தே அந்த எண் போய்விட்டது.

ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஜம்மு காஷ்மீர், அஸ்ஸாம், வடகிழக்கு மாநிலங்களில் 6 தான். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி வரம்பை மீறினால் முதல் முறை 50,000 ரூபாய், அடுத்தடுத்து 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்த எண்ணால் ஏற்கெனவே பணமோசடி நடந்திருப்பது தெரிந்தால் இணையதளப் புகாரோடு நிற்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

அதோடு விடாமல் இன்னும் சில வேலைகளையும் முடித்தோம். ஆதார் இணையதளத்தில் அம்மாவின் கைரேகையையும் கருவிழியையும் பூட்டி வைத்தோம். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். கடந்த 6 மாதங்களில் அவருடைய ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்பதையும் அங்கேயே பார்க்க முடிந்தது. இனி ஜெராக்ஸ் கேட்கும் இடங்களில், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்க ஒரு கட்டு அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். தம்பியும் அம்மாவும் ஒன்றாகக் கடைக்குப் போய் அவன் எண்ணை அவன் பெயருக்கே மாற்றிக்கொண்டார்கள்.

கடைசியாக ஒன்று, இது பலருக்குத் தெரிவதில்லை. எந்த எண்ணைப் போட்டு உள்ளே போகிறோமோ, அந்த எண் யார் பெயரில் வாங்கப்பட்டதோ அவருடைய பட்டியல்தான் வரும். போனை வைத்திருப்பவர் யார் என்பது கணக்கில் இல்லை. என் மனைவியின் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது வந்தது மாமனாரின் பட்டியல், திருமணத்துக்கு முன்பு அவர் வாங்கிக் கொடுத்த சிம் அது. மனைவி பெயரில் என்ன இருக்கிறது என்று பார்க்க, அவர் பெயரிலேயே வாங்கிய இன்னொரு எண்ணைப் போட வேண்டியிருந்தது. உங்கள் வீட்டிலும் முதலில் எந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அப்புறம் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் உள்ள எண்ணைப் போட்டுப் பாருங்கள்.