போர்ட்லாந்து கண்காட்சியில் என் ஸ்டால்

2023 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ‘மேட்’ என்ற கைவினை சைக்கிள் கண்காட்சி முதல்முறையாக நடந்தது. 2005இல் ஹூஸ்டனில் தொடங்கி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ‘நார்த் அமெரிக்கன் ஹேண்ட்மேட் பைசைக்கிள் ஷோ’ 2019இல் சாக்ரமென்டோவோடு நின்றுவிட்டது. தனி ஆளாகப் பட்டறை வைத்து ஸ்டீல் ஃபிரேம் கட்டும் என் போன்றவர்களுக்கு அது பெரிய இழப்பு. அதனால் இந்த அறிவிப்பு வந்ததுமே ஸ்டால் கேட்டு எழுதிவிட்டேன்.

எதைக் கொண்டுபோவது என்பதில்தான் நிறைய யோசித்தேன். கண்காட்சிக்கென்றே தனியாக ஒரு வண்டி செய்து, பெயின்டில் வித்தை காட்டுவது பலருடைய வழக்கம். அந்த வேலைப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவருக்காக அளவெடுத்துக் கட்டிய வண்டிதான் நம் தொழிலைச் சரியாகச் சொல்லும் என்று நினைக்கிறேன். என் வாடிக்கையாளர் ஒருவரிடம் கேட்டு, அவருக்காகக் கட்டிக்கொண்டிருந்த வண்டியையே வைப்பதாக முடிவு செய்தேன். அவர் உயரம் 152 சென்டிமீட்டர். கடையில் கிடைக்கும் சிறிய ஃபிரேம்களில் பெரும்பாலும் 700சி என்ற பெரிய அளவுச் சக்கரம்தான் இருக்கும். ஃபிரேம் குட்டையாகும்போது முன்சக்கரம் காலுக்கு அருகில் வந்துவிடுகிறது, மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனியில் இடிக்கிறது. அதைத் தவிர்க்க, ஹேண்டிலைத் தாங்கும் முன்பக்கக் குழாயான ஹெட் டியூபைச் சாய்த்துச் சக்கரத்தை முன்னால் தள்ளுவார்கள். இடிப்பது நிற்கும், ஆனால் ஹேண்டில் மந்தமாகிவிடும். நான் அதைவிடச் சிறிய 650பி சக்கரத்துக்குக் கட்டினேன். ரிம்மின் விட்டம் 622 மில்லிமீட்டரிலிருந்து 584ஆகக் குறைகிறது. கால் இடிக்காது, ஹேண்டிலும் கெடாது.

கூடவே பெயின்ட் அடிக்காத ஒரு ஃபிரேமும் எடுத்துப்போனேன். என்னுடையது பித்தளை வைத்துப் பற்றவைக்கும் ஃபில்லட் பிரேசிங் முறை. 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பித்தளை உருகி இணைப்பைச் சுற்றிப் படியும், ஸ்டீல் உருகாது. பிறகு அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பெயின்ட் ஏறிவிட்டால் அந்த உழைப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

எழுத்து வேலை அலுப்பானது. ஸ்டால் கட்டணம், தங்குமிடம், பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ். காப்பீடு இல்லாமல் இந்தத் தொழிலையே செய்யக்கூடாது என்பேன். ஒரு ஃபிரேம் உடைந்தால் விழுவது ஒரு மனிதர்.

பெயின்ட் கடைதான் வயிற்றைக் கலக்கியது. சொன்ன வாரத்தில் தரவில்லை. வந்த பிறகு இரவு முழுக்க உட்கார்ந்து பாகங்களை மாட்டி வண்டியை முடித்தேன்.

கண்காட்சி நடந்த இடம் ஸிடெல் யார்ட்ஸ், வில்லாமெட் ஆற்றங்கரையில் 2017 வரை சரக்குப் படகு கட்டிய கொட்டகை. இரும்பு வேலை நடந்த கூரைக்கு அடியில் எங்கள் இரும்பை வைப்பது மனதுக்கு நிறைவாக இருந்தது. பக்கத்திலேயே டிலிக்கம் பாலம். கார் போக முடியாத பாலம் அது. ரயில், பஸ், சைக்கிள், நடப்பவர்கள், அவ்வளவுதான். பலர் அந்த வழியாகச் சைக்கிளிலேயே வந்து இறங்கினார்கள்.

வந்தவர்களில் பாதிப் பேரின் முதல் கேள்வி, “எடை எவ்வளவு?” அதைச் சொல்லிவிட்டு, நீளவாக்கில் அறுத்து வைத்திருந்த ஃபிரேம் டியூபை, அதாவது ஸ்டீல் குழாயை, கையில் கொடுப்பேன். அதன் சுவர் முனைகளில் 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5. சூடு படும் இடத்தில் கனம், படாத இடத்தில் மெல்லிசு. அதை விரலால் தடவியதும் பேச்சு எடையை விட்டு வேறு பக்கம் போய்விடும். பெயின்ட் இல்லாத ஃபிரேமைத் தொடாமல் போனவர்கள் குறைவு. வெறும் ஸ்டீல் என்பதால் மறுநாள் காலையில் விரல் பட்ட இடமெல்லாம் துருப் புள்ளி தெரியும். தினமும் மாலையில் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் அறைக்குப் போவேன்.

சின்ன வண்டியைச் சுற்றி நின்றவர்களை மறக்க முடியாது. குட்டையான பெண்கள் பலர், இருபது முப்பது வருடமாகச் சைக்கிள் ஓட்டுபவர்கள். “கால் இடிப்பது என் ஓட்டத்தில் உள்ள குறை என்றே நினைத்திருந்தேன்” என்றார் ஒருவர். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு தொழில் முழுவதும் சேர்ந்து ஒரே சக்கர அளவைப் பிடித்துக்கொண்டு, அதன் குறையை ஓட்டுபவர் தலையில் போட்டிருக்கிறது.

பக்கத்து ஸ்டால்காரர்கள் போட்டியாளர்கள்போல நடந்துகொள்ளவே இல்லை. மூத்தவர் ஒருவர், சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் சீட் ஸ்டே குழாயை நான் இணைத்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, தான் பற்றவைக்கும் டார்ச்சைப் பிடிக்கும் கோணத்தைக் கையாலேயே காட்டினார். அப்புறம் எந்த டியூப் எங்கே கிடைக்கிறது, யார் பெயின்டை நேரத்துக்குத் தருகிறார் என்ற பேச்சு. ஆண்டு முழுக்கத் தனியாக வேலை செய்பவனுக்கு அந்தச் சாயங்காலங்கள் பெரிய பலம்.

அங்கேயே ஆர்டர் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். எனக்கு ஒருவரும் அங்கே முன்பணம் தரவில்லை. மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் கடிதங்கள் வந்தன, அதிகமும் அந்த 650பி வண்டியைப் பற்றி. கால் இடித்ததைச் சொன்ன அந்தப் பெண்ணும் எழுதியிருந்தார். அவருக்கான டியூப்கள் இப்போது ஜிக்கில், பற்றவைக்கும்போது குழாய்களை அசையாமல் பிடிக்கும் சட்டத்தில், ஏறியிருக்கின்றன.