எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு கியர்பொக்ஸ் தேடுகிறவர்கள் காசு கொடுக்க முன் இதை வாசியுங்கள்

"எம்ஜிபி கியர்பொக்ஸ் இருக்கிறதா?" என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எது இருக்கிறது என்பதுதான் கேள்வி. 1962 இல் இருந்து 1967 வரை வந்த கார்களில் முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் மாற்றும்போது பற்கள் உரசாமல் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, அது மூன்று சின்க்ரோ பொக்ஸ். 1967 கடைசியில் மார்க் 2 வந்தபோது நாலு கியருக்கும் சின்க்ரோ வைத்த வேறொரு பொக்ஸ் போட்டார்கள். அதற்கு எஞ்சின் பின் பிளேட், பிளைவீல், ஸ்டார்ட்டர் எல்லாம் வேறு, காரின் நடுச் சுரங்கமே அகலம் கூட.

என்னுடையது 1966 கார், மாமா கொழும்பில் ஓடித் தந்தது. முதல் கியர் பற்கள் உதிர்ந்துவிட்டன. மாங்குளத்தில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணையின் கராஜில், வேப்பமரத்தில் செயின் புளொக் கட்டி எஞ்சினையும் பொக்ஸையும் ஒன்றாகத் தூக்கினோம். எம்ஜிபியில் பொக்ஸை மட்டும் கீழால் இறக்க வழியில்லை. அந்த வேலை பிரச்சினை இல்லாமல் முடிந்தது.

பிரச்சினை கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தொடங்கியது. அங்கே ஒரு கடைக்கு எஞ்சின் இலக்கத்தை எழுதியே அனுப்பினேன். 18ஜிபி-யு-எச் என்று தொடங்கும் இலக்கம். அந்த எழுத்துகளிலேயே எல்லாம் இருக்கிறது: 18ஜிபி என்றால் 1964 கடைசியில் இருந்து வந்த ஐந்து மெயின் பெயரிங் எஞ்சின் (கிராங்கை ஐந்து இடத்தில் தாங்குவது), யு என்றால் ஓவர்டிரைவ் (வேகமாக ஓடும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாதது, ஆர்யு என்று இருந்தால் ஓவர்டிரைவ் உள்ளது. கடைக்காரர் "சரியான சாமான்தான் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்றார். காசு போட்டேன், லொறியில் வந்தது. தரையில் வைத்து எஞ்சினோடு சேர்த்துப் பார்த்தால் பொக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங் எஞ்சின் பின் பிளேட்டில் உட்காரவே இல்லை. நாலு சின்க்ரோ பொக்ஸ்!

திருப்பிக் கொண்டுபோனேன். ஏ9 வீதியில் அந்தப் பாரத்தைக் கட்டி ஏற்றிக்கொண்டு கொழும்பு போய் இறங்கினால், கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் அனுப்பிய இலக்கத்தைக் காட்டினேன். "எல்லாம் ஒன்றுதான், வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜ் பொக்ஸ் தருகிறேன், அதுவும் ஏறும்" என்கிறார். ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் எம்ஜிபியும் ஒரே பி சீரீஸ் எஞ்சின் குடும்பம் என்பது உண்மைதான், ஆனால் அது அதிகபட்சம் 1622 சிசி, இது 1798, கேம்பிரிட்ஜ் பலதில் கியர் ஸ்டீயரிங்கிலேயே இருக்கும். எப்படி ஒன்றாகும்? வேணியர் அளவுகோல் வைத்து அளக்கவும் விடவில்லை, காசு கட்டிய பிறகுதான் தொடலாமாம். கடைசியில் பெரிய வெட்டு வெட்டிக்கொண்டுதான் மீதியைத் தந்தார்கள். இன்னும் ஆறவில்லை எனக்கு.

பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு ஐயா வீட்டில் மூன்று சின்க்ரோ பொக்ஸ் ஒன்று கிடப்பதாக அண்ணை விசாரித்துச் சொன்னார். இந்த முறை என் எஞ்சினின் கிராங்க் முனையில் இருந்த ஸ்பிகட் புஷ்ஷை (பொக்ஸின் முன் ஷாஃப்டின் மூக்கு உட்காரும் சின்ன வளையம்) கழற்றிக் கையோடு கொண்டுபோனேன், இதைத்தான் எல்லோரும் செய்யவேண்டும் என்பேன். ஏனென்றால் மூன்று சின்க்ரோவுக்குள்ளேயும் இரண்டு வகை. 18ஜி, 18ஜிஏ என்ற பழைய மூன்று பெயரிங் எஞ்சின்களுக்கு வந்த பொக்ஸில் முன் ஷாஃப்டின் மூக்கு மெல்லியது, 18ஜிபிக்கு வந்ததில் தடிப்பு. ஐயாவின் பொக்ஸில் புஷ்ஷைப் போட்டால் லொடலொட என்று ஆடியது. அப்படியே பூட்டியிருந்தால் ஷாஃப்ட் நடுங்கி பெயரிங்கையும் சேர்த்துத் தின்றிருக்கும். ஐயா நல்ல மனிதர், மூடியைத் திறந்து பற்களையெல்லாம் ஆறுதலாகப் பார்க்க விட்டார், விலையும் குறைத்தார். பற்கள் புதிதுபோல இருந்தன. எடுத்துவிட்டேன்.

வவுனியாவில் ஒரு லேத் பட்டறையில் புது புஷ் கடைந்தோம். வெளிவிட்டம் என் கிராங்குக்கு, உள்விட்டம் அந்த மெல்லிய மூக்குக்கு. லேத்காரர் முதல் கடைந்தது கொஞ்சம் இறுக்கம் என்று தானாகவே ஒதுக்கிவிட்டு, மறுபடி வெண்கலத்தில் கடைந்து தந்தார், கேட்டதும் சின்னக் காசு. கொழும்பில் ஒரு சந்தையே செய்யாததை அவர் ஒரு பின்னேரத்தில் செய்து முடித்தார். பொக்ஸ் உட்கார்ந்த சத்தம் கேட்டதும் அண்ணை என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

வாகனப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தை நம்பி இறங்காதீர்கள், இந்த வயதுக் கார்களில் எஞ்சின் எத்தனை கை மாறியதோ. பிளாக்கின் வலப்பக்கத்தில் அடித்திருக்கும் தகட்டைத் துடைத்து வாசியுங்கள். புஷ்ஷோடு கிளட்ச் பிளேட்டையும் கொண்டுபோய் ஷாஃப்டில் செருகிப் பாருங்கள். ஒயில் விடும்போது பக்கத்தில் நில்லுங்கள், இங்கே கியர்பொக்ஸ் என்றாலே தடித்த 90 கியர் ஒயிலை ஊற்றிவிடுவார்கள். எம்ஜிபி பொக்ஸுக்கு எஞ்சினுக்கு விடும் 20டபிள்யு50 தான். மூன்று சின்க்ரோ என்றால், கார் முழுதாக நின்ற பிறகு மட்டும் முதல் கியரைப் போடுங்கள்.