பிச்சிப் பந்தலில் தப்பிய கொடி

ஆவணி கடைசி ஞாயிறு சாயங்காலம் சீனிக்கிழங்குக் கொடியை நட்டு முடித்தேன். நாலு பார் (நீளமாகக் கூட்டிய மண் மேடு), பாருக்கு 16 துண்டு, மொத்தம் 64. இன்றைக்கு நாலாம் நாள். விடிந்ததும் வாளியோடு போய் நின்றேன். நேற்று வரை வெந்த கீரை மாதிரி மண்ணோடு ஒட்டிக் கிடந்த கொடிகளில் பாதிக்கு மேல் நுனியைத் தூக்கியிருந்தன. ஒன்றிரண்டில் செம்பழுப்பாக, நகம் அளவுக்குப் புது இலைகூட வந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மற்ற ஊர்களில் சர்க்கரைவள்ளி என்பதை எங்கள் பக்கம் சீனிக்கிழங்கு என்போம். அம்மா வீடு உடன்குடிக்குப் பக்கம். அங்கே தேரி மண், சிவப்பு மணல். கொடியை அதில் போட்டுவிட்டுத் தண்ணீர் காட்டினால் போதும், தை பிறக்கும்போது கிழங்கு இருக்கும். பொங்கலுக்குப் பனங்கிழங்கு, சிறுகிழங்கோடு சீனிக்கிழங்கும் வைக்காமல் எங்கள் வீட்டில் விளக்கு முன் படையல் கிடையாது. அந்தக் கொடி என் ஆச்சி காலத்திலிருந்து வருவது. தோல் சிவப்பு, உள்ளே வெள்ளை, அவித்தால் மாவு மாதிரி உதிரும். என்ன ரகம் என்று யாரும் பெயர் வைத்ததில்லை. சீனிக்கிழங்குக்கு விதை போட்டு யாரும் வளர்ப்பதில்லை. ஒரு கொடியை வெட்டி அடுத்த கொடி, அதை வெட்டி அதற்கடுத்தது. அப்படிப் பார்த்தால் ஆச்சி நட்ட அதே செடிதான் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நான் கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்து வருஷம் பல ஆகியும், 2022-இல்தான் முதல் தடவையாகக் கொடி கொண்டுவந்து வைத்தேன். ஈரத்துணியில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்து, வந்த அன்றைக்கே முருங்கை மர நிழலில் நட்டேன். நன்றாக வரட்டும் என்று மூன்று கூடை சாணமும் போட்டேன். கொடி முழங்கால் உயரத்துக்குப் பம்மிக்கொண்டு வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கண் வைத்தார்கள். தையில் வெட்டினால் எல்லாம் வால் வாலாக, சுண்டுவிரல் தடிமனுக்கு வேர். அவித்துச் சாப்பிட ஒன்றுகூடத் தேறவில்லை. அம்மா வந்து பார்த்தாள். "சாணத்த இவ்வளவு போட்டா அது இலையத்தான் பெருக்கும். கிழங்குக்குச் சாம்பல்தாம்ட்டி வேணும்" என்றாள். தழைச்சத்து கூடினால் கொடி பாயும், கிழங்கு பருக்கச் சாம்பல்சத்து வேண்டும் என்று பிறகு நான் படித்ததும் இதே விஷயம்தான்.

அடுத்த வருஷம் எல்லாம் சரியாகச் செய்தேன். நல்ல வெயில் விழும் இடம், உயரமான பார், அடுப்புச் சாம்பல். 2023 டிசம்பர் 17-ஆம் தேதியோடு, நட்டு 98 நாள் ஆகியிருந்தது. அன்று பிடித்த மழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் கொல்லையில் முழங்கால் அளவுக்கு இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு ஒரு பாரைக் கிளறினேன். கிழங்கு கிடந்தது, கையை நிறைக்கிற அளவில். தோல் பளபளவென்று இருந்தது. எடுத்து அழுத்தினால் விரல் உள்ளே போய்விட்டது. புளித்த கள் வாடை. அடுத்த பார், அதற்கடுத்த பார், எல்லாம் அப்படியே. மண்ணுக்குள் காற்று இல்லாமல் தண்ணீர் நின்றால் கிழங்கு மூச்சு முட்டி அழுகிப்போகும்.

அம்மா வீட்டில் இன்னும் மோசம். வெள்ளம் மணலை அடித்துக்கொண்டு வந்து கிழங்கு போட்ட இடத்தையே மூடிவிட்டது. லைன் கிடைத்ததும் முதலில் வீடு, ஆடு, கோழி எல்லாம் சொன்னாள். கடைசியில், "நம்ம கொடி போச்சுட்டி" என்றாள். பசு செத்த அன்றைக்கு அவளுக்கு இருந்த குரல் அது.

போனை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். கார்த்திகையில் கொடி திருப்பும்போது நடைபாதையில் கிடந்த இரண்டு கொடிகளை எடுத்துப் பிச்சிப் பந்தல் மேல் போட்டிருந்தது ஞாபகம் வந்தது. அடி அழுகியிருந்தது. மேலே இலை வாடித் தொங்கியது, ஆனால் நுனிப்பக்கம் தண்டு இன்னும் பச்சை. ஒரு இலையைக் கிள்ளினேன். பொட்டு வைத்த மாதிரி ஒரு சொட்டுப் பால் வந்தது. அந்த இரண்டு கொடியிலும் சேர்த்து 11 துண்டு தேறியது. சிமெண்டுத் தொட்டியில் மணலும் மண்ணும் கலந்து நட்டு நிழலில் வைத்தேன். ஒன்பது பிழைத்தது. கோடை முழுவதும் தினம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, நீள நீள வெட்டி, அதையே நட்டுப் பெருக்கினேன். 2024 ஆவணியில் 60 துண்டை ஈரச்சாக்கில் கட்டி உடன்குடிக்குக் கொண்டுபோய் அம்மா மடியில் போட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கணுவைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சரி, இந்த வருஷ நடவுக்கு வருகிறேன். கொடியை வெட்டியது வெள்ளிக்கிழமை. தொட்டியிலிருந்து நுனிக்கொடிதான் எடுத்தேன். துண்டு ஒரு அடி நீளம், குறைந்தது நாலைந்து கணு. அடித்தண்டு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சீனிக்கிழங்குக்கு முதல் எதிரி கூன்வண்டு. எறும்பு மாதிரி மெலிசாக, உடம்பு கருநீலம், நடுவில் சிவப்பு. அது அடித்தண்டில்தான் முட்டை வைக்கும். கிழட்டுத் தண்டை வெட்டி நட்டால் வண்டையும் சேர்த்து நடுகிறோம் என்று அர்த்தம். வண்டு விழுந்த கிழங்கு கசக்கும். கெட்ட இடத்தை மட்டும் சீவிவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், முழுக்கசப்பு. அதை மாட்டுக்கும் போடக் கூடாது.

வெட்டும்போது விரலெல்லாம் பால். காய்ந்தால் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், சோப்புக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால்தான் போகிறது.

வெட்டினதை இலையோடு கட்டி, நிழலில் ஈரச்சாக்கு மேல் இரண்டு நாள் வைத்தேன். 2022-இல் நான் செய்யாமல் விட்ட வேலை இதுதான். இரண்டாம் நாள் சாயங்காலம் சாக்கை விலக்கிப் பார்த்தால் இலை கொஞ்சம் மஞ்சளடித்திருந்தது. கணுக்களைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. ரவை ஒட்டின மாதிரி. சிலது அரை அரிசி நீளத்துக்கு நீண்டே விட்டது. வேர் கிளம்பத் தயாராக இருக்கும் அந்த நேரம்தான் நடுவதற்கு நேரம்.

பாருக்குப் பார் இரண்டு அடி, கொடிக்குக் கொடி ஒரு சாண். பார் உச்சியில் களைக்கொத்தால் கீறி, கொடியைச் சாய்த்துப் படுக்கவைத்து, அடியிலிருந்து மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி மூடி, நுனியை வெளியே விட வேண்டும். நான் முதல் வருஷம் குச்சி ஊன்றுகிற மாதிரி நெட்டுக்க நட்டேன். "படுக்கப் போடுட்டி, அதுக்கும் கால் நீட்ட எடம் வேணும்லா" என்பாள் அம்மா. தலைகீழாகப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலை உதிர்ந்த துண்டில் அடி எது நுனி எது என்று குழம்பும். கணுவில் இலைத்தழும்புக்கு மேலே மொட்டு இருக்கும், அந்தப் பக்கம்தான் நுனி. மூடினதும் உள்ளங்கையால் அழுத்திவிட்டு, பூவாளியில் தண்ணீர். வெயில் தாழ்ந்த பிறகு நட்டால் ராத்திரி முழுக்கக் குளிர்ச்சி கிடைக்கும்.

மறுநாள் மத்தியானம் கொல்லைப் பக்கம் போகாதீர்கள், மனசு கேட்காது. எல்லாம் சுருண்டு கிடக்கும். காலை மாலை ஈரம் காட்டிக்கொண்டே இருந்தால் நாலைந்து நாளில் எழுந்துவிடும். இலை உதிர்ந்தாலும் தண்டு பச்சையாக இருந்தால் பிடுங்க வேண்டாம்.

கொடி கிடைக்காதவர்கள் கடையில் கிழங்கு வாங்கி, பாதி வெளியே தெரியும்படி ஈரமணலில் புதைத்து வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளை கிளம்பும். ஒரு அடி நீண்டதும் வெட்டி நடலாம். ஆரஞ்சு நிறக் கிழங்கு ஆசைப்படுகிறவர்களுக்கு, திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பூ சோனா என்று ஒரு ரகம் கொடுத்திருக்கிறது. வைட்டமின் ஏ-க்கு நல்லது, குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். எனக்கென்னவோ மாவு மாதிரி உதிரும் வெள்ளைதான் நாக்கில் நிற்கிறது.

இனி ஒரு மாதம் கழித்து மண் அணைக்க வேண்டும். மண் வெடித்தால் அந்த வெடிப்பு வழியாகத்தான் கூன்வண்டு கிழங்கிடம் போகும், அதனால் வெடிப்பு விடவே கூடாது. கொடி ஓட ஆரம்பித்ததும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தூக்கித் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் போகிற இடத்திலெல்லாம் கணுவில் வேர் விட்டு, அடிக்கிழங்கு பருக்காமல் போகும். இந்தத் தடவை பாரை ஒரு அடி உயரத்துக்குப் பிடித்து, தண்ணீர் வடிய வாய்க்காலும் வெட்டியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு என் பங்குக்கு அவ்வளவுதான் செய்ய முடியும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இது சில சமயம் பூக்கும். புனல் மாதிரி, வெளிர் ஊதா, உள்ளே கருஞ்சிவப்பு. திருச்செந்தூர்க் கடற்கரை மணலில் படர்ந்திருக்கும் அடம்பங்கொடிப் பூவையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்று தெரியும். இரண்டும் ஒரே பேரினம்தான். அடும்பு சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. சீனிக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்தது. வந்த பிள்ளை எங்கள் தேரி மண்ணில் சொந்தம் கொண்டாடி உட்கார்ந்துவிட்டது.

64-இல் ஐந்து போய்விட்டது. கிள்ளிப் பார்த்தேன், பால் இல்லை. தொட்டியில் மிச்சக் கொடி இருக்கிறது, புதன்கிழமையே பத்துத் துண்டு வெட்டிச் சாக்கில் வைத்துவிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் இடைவெளியை நிரப்பிவிட்டு, மீதியை ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கொண்டுபோக வேண்டும். அவளுக்கும் நாலு பட்டுப்போயிருக்கிறதாம். தொட்டியில் இருப்பதை மட்டும் முழுசாக வெட்டிவிடாதே என்று காலையில் போனில் இரண்டு தடவை சொன்னாள்.