வாசல் தளத்துக்கு அடியில் போன ஃபைபர் கேபிளை மாற்றுவது

கேட்டிலிருந்து போர்டிகோ வரை சிமெண்ட் தளம் போட்ட வீட்டில் இணையம் நின்றுபோனால், பலரும் முதலில் பார்ப்பது தளத்தை உடைக்க ஆள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி பக்கத்துக் களிமண்ணில் கேபிள் பெரும்பாலும் தளத்தின் நடுவில் அடிபடுவதில்லை. தளம் முடிகிற இரண்டு ஓரங்களில்தான் அடிபடுகிறது. களிமண் கோடையில் சுருங்கி வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். தளம் ஒரே பலகையாக நிற்க, ஓரத்து மண் மட்டும் ஏறி இறங்கும். அந்த அசைவில் குழாயின் இணைப்பு விலகி, விலகிய வாயில் கேபிள் நசுங்கும். கார் டயர் ஏறி இறங்குவதும் அதே ஓரத்தின் மேல்தான்.

அதற்காகக் கேபிளைத் தலைக்கு மேலேயே விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது கம்பங்களோடு ஒயர்களும் சேர்ந்து விழுந்தன. கடைசி முப்பது அடியை மண்ணுக்குள் கொண்டுபோவது நல்ல யோசனைதான், ஒழுங்காகப் புதைத்தால்.

தோண்டுவதற்கு முன் கோளாறு அங்கேதான் என்று உறுதி செய்யுங்கள். மோடத்தில் சிவப்பு எல்ஓஎஸ் விளக்கு எரிந்தால் வெளிச்சம் வரவில்லை அல்லது போதவில்லை என்று பொருள். அது எரியாமல் இணையம் மட்டும் இல்லையென்றால் கேபிளைத் தொடவே வேண்டாம், கோளாறு பெரும்பாலும் வேறெங்கோதான் இருக்கும். சிவப்பு எரிந்தால் கம்பெனி லைன்மேனைப் பவர் மீட்டரோடு (ஃபைபரில் வரும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) வரச்சொல்லி இரண்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்: கம்பத்துப் பெட்டியில் ஒன்று, வீட்டுக்குள் ஒன்று, இரண்டும் 1490 நானோமீட்டர் அலைநீளத்தில். வீட்டில் மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (வெளிச்சத்தின் பலத்துக்கான அலகு) வரை இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27-க்கும் கீழே இறங்கினால் மோடம் தடுமாறும். ஆனால் நமக்கு முக்கியம் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம். நல்ல ஃபைபர் ஒரு கிலோமீட்டருக்கே அரை டெசிபல் (வெளிச்ச இழப்பின் அளவு) இழக்காது. முப்பது மீட்டரில் ஏழு, எட்டு டெசிபல் குறைந்தால், நடுவில் எங்கோ கேபிள் நசுங்கியிருக்கிறது, அல்லது யாரோ மண்ணுக்குள் ஜாயின்ட் போட்டுப் புதைத்திருக்கிறார்கள், அல்லது முனையில் இருக்கிற கனெக்டர் அழுக்காகியிருக்கிறது. கனெக்டரைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தால் கடைசி சந்தேகம் தீர்ந்துவிடும். 1310, 1550 நானோமீட்டர் இரண்டிலும் அளக்கிற கருவி இருந்தால் இன்னொரு தடயம் கிடைக்கும். 1550-இல் இழப்பு மிக அதிகமாகவும் 1310-இல் குறைவாகவும் இருந்தால் கேபிள் அறுபடவில்லை, கூர்மையாக வளைந்திருக்கிறது.

சிவப்பு லேசர் பேனா மண்ணுக்கு மேலே உள்ள பகுதிக்கு உதவும். கறுப்பு உறைக்குள் வெளிச்சம் தெரியாது என்பதால், மறுமுனைக்கு வந்து சேர்கிறதா இல்லையா என்று மட்டும் பாருங்கள். இரண்டு முனையும் கழற்றிய பிறகே செய்ய வேண்டும். முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது.

அடுத்து, தளத்தின் இரண்டு ஓரத்திலும் இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் குழி. கடப்பாரையை ஓங்கிப் போடுவதற்கு முன் மண்ணுக்குள் கரண்ட் கேபிள் வருகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மீட்டருக்கு முந்தைய சர்வீஸ் கேபிளில், வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாலும் மின்சாரம் இருக்கும். அது போகிற பாதை தெரியாவிட்டால் மின்வாரிய ஆளைக் கேட்காமல் தோண்டக் கூடாது. குடிநீர்க் குழாய், செப்டிக் டேங்க் குழாய் இரண்டையும் கட்டிய மேஸ்திரியிடம் கேட்டு வையுங்கள்.

குழிக்குள் குழாய் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒருவர் கேட்டுப் பக்கமும் ஒருவர் வீட்டுப் பக்கமும் நின்று பழைய கேபிளை மெதுவாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் அதுவே உங்கள் இழுகயிறு. பழைய கேபிளின் முனையில் 4 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைக் கட்டி, முடிச்சின் மேல் டேப் சுற்றி, முதலில் கயிற்றை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். புதிய கேபிளை நேராகப் பழையதோடு கட்டி இழுத்து, நடுவில் முடிச்சு கழன்றால் இரண்டும் போய்விடும்.

கயிற்றில் கேபிளைக் கட்டும் விதம் முக்கியம். தட்டைக் கேபிளின் நடுவில் ஃபைபர், இருபுறமும் எஃப்ஆர்பி (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) குச்சியோ இரும்புக் கம்பியோ இருக்கும். முனையில் ஓரடிக்கு உறையை உரித்து, ஃபைபரை வெட்டிவிட்டு, குச்சிகளை மட்டும் கயிற்றோடு கட்டுங்கள். எஃப்ஆர்பி கேபிள் ஏறத்தாழ எட்டுக் கிலோ இழுவைதான் தாங்கும், ஒரு ஆள் ஒரு கையால் இழுக்கிற அளவு. சிக்கினால் பலத்தைக் கூட்டாமல் பின்னால் ஓரடி விட்டு மறுபடி இழுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றலாம், கிரீஸும் எண்ணெயும் வேண்டாம்.

குழாய்க்குள் வண்டல் அடைத்திருந்தால் உயரமான பக்கத்திலிருந்து மோட்டார் ஹோஸால் தண்ணீர் அடித்துக் கழுவலாம். பழைய கேபிள் உள்ளேயே இருக்கட்டும், அதை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே அடித்தால் வண்டல் கரையும்.

குழாயே இல்லை, கேபிளை வெறுமனே மண்ணில் போட்டுத் தளம் ஊற்றியிருக்கிறார்கள் என்றால் இரண்டு வழி. பத்துப் பன்னிரண்டு அடி அகலத் தளத்துக்கு அடியில் துளை போடலாம். முக்கால் இன்ச் ஜிஐ பைப்பின் ஒரு முனையில் ஹோஸை மாட்டி, மறுமுனையைக் குழியிலிருந்து கிடைமட்டமாக, திருகித் திருகி உள்ளே தள்ளுவார்கள். கைபோர் போடுகிறவர்களுக்குப் பழகிய வேலை. கரைகிற மண் குழிக்குள் வழிய வேண்டும், அதை வாளியால் இறைக்க வேண்டும். தண்ணீரைக் குறைவாகத் திறப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. அதிகமானால் தளத்துக்கு அடியில் பொந்து விழுந்து, பிறகு கார் நிற்கும்போது தளம் வெடிக்கும். கொள்ளிடக் கரை மாதிரி மணற்பாங்கான இடத்தில் இந்த முறையே கூடாது.

இன்னொன்று, தளத்தில் கீற்று வெட்டுவது. பேவர் பிளாக் என்றால் ஒரு வரிசையைக் கழற்றி வைத்தால் போதும். காங்கிரீட் என்றால் நான்கு அங்குல இடைவெளியில் இரண்டு கோடு கட்டரால் அறுத்து, நடுவை உடைத்தெடுக்க வேண்டும். சிறிய நான்கு இன்ச் கட்டர் மூன்று சென்டிமீட்டர் அளவே இறங்கும். விளிம்பு பிய்யாமல் இருக்க அது போதும், மீதியை உளியால் உடைக்கலாம். கம்பி வந்தால் அதை வெட்டாமல் அதன் அடியில் மண்ணைத் தோண்டுங்கள். கீற்றை டயர் ஓடும் தடத்தோடு நீளவாக்கில் போடாதீர்கள், குறுக்கே போகட்டும்.

புதுக் குழாய் 32 மில்லிமீட்டர் கறுப்பு எச்டிபிஇ (வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய்), சுருளாக வருவது, நடுவில் இணைப்பே இல்லாத ஒரே துண்டு. பிவிசி குழாயை ஒட்டி ஒட்டிப் போடுவதுதான் களிமண்ணில் விலகுகிறது. எல்போ கூடவே கூடாது, சுருள் குழாய் தானாகப் பெரிய வளைவாக வளையும். முடிந்தால் இரண்டு குழாய் போட்டு, இரண்டாவதில் நைலான் கயிறு மட்டும் விட்டு வையுங்கள். அடுத்தமுறை தோண்டவே வேண்டாம்.

ஆழம் குறைந்தது ஒன்றரை அடி. கீற்று வெட்டிக் குழாய் போட்டால் அடியில் இரண்டு அங்குலம் மணல், குழாய், மேலே நான்கு அங்குலம் மணல், அதன்மேல் மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி இடிக்க வேண்டும். களிக்கட்டிகளை அப்படியே தள்ளி மூடினால் முதல் மழையில் பள்ளம் விழும். மேலே 1:2:4 காங்கிரீட், பழைய விளிம்பில் சிமெண்ட் பால் பூசிய பிறகு. ஏழு நாள் நனைத்து, இரண்டு வாரம் கார் ஏற்றாதீர்கள்.

குழாயின் இரண்டு வாயும் தரைக்கு மேலே அரையடி எழும்பி நிற்கட்டும், மழைத் தண்ணீரோடு சேறு உள்ளே போகாது. வாயை ஸ்டீல் வுல் திணித்து சிலிக்கான் பூசி மூடுங்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையானால் எலி வீட்டுப் பக்கம் வரும், பெருச்சாளி எப்போதும் இருக்கிறது. இரும்புக் கம்பி போட்ட கேபிள்தான் எலிக்கு நல்லது என்பார்கள். எங்கள் கருத்து எஃப்ஆர்பிக்குத்தான்: இடி மின்னல் காலத்தில் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் உலோகம் வராது, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் துருவும் பிடிக்காது. எலியைத் தடுப்பது குழாயின் வேலை.

கேபிள் கம்பத்துப் பெட்டியிலிருந்து வீட்டுக்குள் வரை ஒரே நீளம், இருபுறமும் மூன்று மீட்டர் உபரிச் சுருளோடு. மண்ணுக்குள் ஜாயின்ட் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். ஜி.657.ஏ2 ஃபைபர் என்று கேட்டு வாங்குங்கள், வளைவைத் தாங்கும். முனையில் மிஷின் வைத்து ஸ்ப்ளைசிங் (ஃபைபரை உருக்கி ஒட்டுவது) செய்தால் இழப்பு 0.1 டெசிபலுக்குள் இருக்கும். கையால் மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டர் அரை டெசிபல் வரை தின்னும், வெயிலில் தளரவும் செய்யும். பச்சை கனெக்டர் பச்சையோடுதான் சேர வேண்டும். அதன் முகம் எட்டு டிகிரி சாய்வு, நீலம் சாய்வில்லாதது. மாற்றிச் சொருகினால் புதுக் கேபிளிலும் சிவப்பு விளக்கு எரியலாம்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்து நிலத்தடி ஈரம் ஏறுவதற்கு முன், சித்திரை வைகாசியில் இதை முடிப்பது நல்லது. மண் கல்லாக இருக்கும். தோண்டும் இடத்தில் முதல் நாள் மாலை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டால் கடப்பாரை இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் தோண்டினால் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும்.

மூடுவதற்கு முன் லைன்மேனை வைத்து மறுபடி இரண்டு இடத்திலும் அளந்துவிடுங்கள். வித்தியாசம் ஒரு டெசிபலுக்கு மேல் இருந்தால் மூடாதீர்கள். அளவு சரியென்றால், காம்பவுண்டுச் சுவரிலிருந்து குழாய் எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று டேப் வைத்துப் படம் எடுத்து, அந்த எண்களைச் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள்.